பழைய பெரிய செயின்சோ வாங்கலாமா? பார்க்கப் போவதற்கு முன்பிருந்து காசு கொடுக்கும் வரை

பெரிய செயின்சோ ஒன்று, எங்கள் பேச்சில் வாள், முழங்கும்போது பக்கத்தில் நிற்பவனின் புத்தி கொஞ்சம் மங்கிவிடுகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் துணையாக இலங்கையின் கிழக்கில் செங்கலடி, கிரான், வெல்லாவெளி, சம்மாந்துறைப் பக்கமெல்லாம் பழைய வாள் பார்க்கப் போயிருக்கிறேன். போன இடமெல்லாம் ஒரே கதைதான். விற்பவர் கயிற்றை இழுப்பார், வாள் இடி மாதிரி முழங்கும், வாங்க வந்தவர் காசை எண்ணத் தொடங்குவார். ஒரு மாதம் கழித்து அதே வாள் மெக்கானிக்கின் மேசையில் கழன்று கிடக்கும்.

அப்படி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த வழிகாட்டியில் வாளை ஸ்டார்ட் செய்வது கடைசிப் பகுதியில்தான் வரும். வரிசையை மாற்றாதீர்கள். முந்திய படி தேறவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகத் தேவையே இல்லை.

இங்கே பெரிய வாள் என்று நான் சொல்வது எஞ்சின் அளவு 70 சிசிக்கு மேற்பட்டவற்றை. எங்கள் பக்கம் கைமாறுகிறவற்றில் ஸ்டில் 070 (106 சிசி), எம்.எஸ். 660 (91.6 சிசி), எம்.எஸ். 381 (72.2 சிசி), ஹஸ்க்வர்ணா 395 (93.6 சிசி) ஆகியவை இந்த வகைக்குள் வரும்.

1. முதலில் மரத்தை அளந்து பாருங்கள்

அளவுநாடாவை எடுத்து, கடந்த ஓராண்டில் நீங்கள் வெட்டிய மரக்குற்றிகளை அளந்து எழுதுங்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் குறுக்களவு ஏறத்தாழ வந்துவிடும். ஞாபகத்தில் இருந்து எழுத வேண்டாம். ஞாபகத்தில் இருக்கிற மரம் எப்போதும் பருத்துக்கொண்டே போகும்.

செயின் ஓடும் நீண்ட தகட்டைப் பார் என்கிறோம். 20 அங்குலப் பார் போட்ட வாளால் இரண்டு பக்கமும் நின்று வெட்டினால் மூன்று அடி வரை பருத்த மரத்தை விழுத்தலாம். தென்னை அடிப்புடைப்பைத் தவிர ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. பனை அதைவிடச் சற்றுத் தடிப்பு. வளவில் நிற்கிற மா, வேம்பு, முருங்கை எல்லாவற்றுக்கும் 50 முதல் 60 சிசி வாள் தாராளம்.

பெரிய வாள் உண்மையில் தேவைப்படும் வேலைகள் மூன்றுதான். ஆற்றோர மருதம், கிழட்டுப் புளி, வீதியோர வாகை போன்ற பருமனான மரங்களை அடிக்கடி விழுத்துவது ஒன்று. முதிரை, பாலை போன்ற வைரம் பாய்ந்த மரத்தை நாள் முழுதும் துண்டு போடுவது இன்னொன்று. மூன்றாவது, மரக்காலைக்குக் கொண்டுபோக முடியாத குற்றியை விழுந்த இடத்திலேயே பலகையாக அரிவது. நார் ஓடும் திசையில் நீளமாக அரியும்போது எஞ்சின் இடைவிடாமல் முழுப் பாரத்தில் ஓடுகிறது. சிறிய வாள் அதிலேயே சூடேறிச் செத்துவிடும்.

இந்த மூன்றில் ஒன்றும் உங்கள் வேலை இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு நல்ல நடுத்தர வாளைத் தேடுங்கள். எம்.எஸ். 660 பாரும் செயினும் இல்லாமலே 7 கிலோவைத் தாண்டுகிறது. 070 பத்துக் கிலோவுக்கு மேல். எண்ணெய் நிரப்பி, 30 அங்குலப் பாரும் போட்டு, வயல் வரம்பில் அரை மைல் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவருக்கு நான் சொல்வது விளங்கும். மரத்தில் ஏறிக் கிளை வெட்டுவதற்கு இந்த வாளைக் கயிறு கட்டி மேலே இழுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறும்.

2. விலையைக் கூலி நாட்களாக மாற்றிப் பாருங்கள்

உங்கள் ஊரில் ஆளும் வாளுமாக ஒரு நாள் கூலி எவ்வளவு என்று விசாரியுங்கள். வாளின் விலையை அதனால் வகுத்தால் அந்த வாள் எத்தனை கூலி நாட்களுக்குச் சமம் என்று தெரியும்.

ஒரு பேச்சுக்கு, விலை 30 கூலி நாட்களுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வருடத்தில் ஆறு நாள் வேலைதான் என்றால், விலை திரும்பி வரவே ஐந்து வருடம் ஆகும். பெற்றோல், ஒயில், செயின், திருத்து கூலி எல்லாம் அதற்கு மேல். நான் வழக்கமாகப் பழைய வாளின் விலையோடு இன்னும் பாதியைச் சேர்த்துத்தான் கணக்குப் போடுவேன். முதல் வருடத்திலேயே அந்தப் பாதி போய்விடும் என்பது என் அனுபவம்.

பெற்றோலும் சின்னச் செலவல்ல. பலகை அரியும்போது இந்த வாள்களில் ஒரு தொட்டி அரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

3. வாளைப் பார்க்கும் முன் உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள்

புதியவர்கள் எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. விற்பவரிடம் தொலைபேசியில் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மட்டக்களப்பு நகரத்திலோ வாழைச்சேனையிலோ கல்முனையிலோ உங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போங்கள். பிஸ்டனும் ரிங்கும், கிளச் ட்ரம், ஸ்புரொக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்), ஒயில் பம்ப், அதிர்வு தாங்கும் ரப்பர், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், காபரேட்டர் ரப்பர்த் தகடுகள், பார், செயின் ஆகியவற்றில் கையிருப்பில் எவை உண்டு, விலை என்ன என்று ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

இந்தக் கடதாசி இரண்டு விதத்தில் உதவும். பாதிக்கு மேற்பட்ட பாகங்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வர வேண்டியவை என்றால், மரம் விழுகிற மாரி காலத்தில் வாள் கொட்டிலில் தூங்கும். அதோடு, பின்னால் விலை பேசும்போது உங்கள் கையில் இருக்கப்போகிற ஆயுதமும் இதுதான்.

செயின் அளவையும் கேளுங்கள். பெரிய வாள்களில் 3/8 அங்குலம், 0.404 அங்குலம் என இரண்டு வகைச் செயின் ஓடும். ஒன்றின் ஸ்புரொக்கெட்டில் மற்றது உட்காராது. கடையில் எது எப்போதும் கிடைக்கிறதோ அந்த அளவில் ஓடுகிற வாள்தான் நிம்மதி.

4. பேப்பர் இல்லாவிட்டால் பயணமே வேண்டாம்

2017 இன் தொடக்கத்தில் இலங்கை முழுவதும் செயின்சோக்களைப் பொலிஸ் நிலையங்களில் பதிவு செய்யவைத்தார்கள். பார்க்கப் போகிற வாளுக்குப் பதிவுப் பத்திரம் உண்டா, அது யார் பெயரில் இருக்கிறது, அதிலுள்ள இலக்கமும் வாளில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். பெயர் மாற்றுவதற்கு விற்பவர் உங்களோடு பொலிஸ் நிலையம் வரச் சம்மதிக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம், தம்பி" என்று பதில் வந்தால் அந்தப் ‘பிறகு’ வரவே வராது.

வனக் குற்றம் ஒன்றில் பிடிபட்டால் மரத்தோடு கருவியும் வாகனமும் பறிமுதலாகலாம். யாருடையது என்று தெரியாத பெரிய வாளைச் சோதனைச் சாவடியில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். பலா மரம் உங்கள் சொந்த வளவில் நின்றாலும் வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை. வாள் வாங்குகிறவர் இந்த அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவதையும் வேலையின் ஒரு பகுதியாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

5. கையோடு கொண்டுபோக வேண்டியவை

சின்ன டோர்ச் லைட் ஒன்று. பிளக் கழற்றும் சாவி. நட்சத்திரத் தலை ஆணிகளுக்கான 27 ஆம் இலக்கச் சாவி. புதிய ஸ்டில் வாள்களில் பெரும்பாலான ஆணிகளுக்கு இது போதும், பழைய 070க்கு வேறு சாவிகளும் வேண்டியிருக்கும். நேரான அடிமட்டம், பழைய துணி, ஒரு துண்டு வெள்ளை அட்டை.

முக்கியமானது, நீங்களே டூ-ஸ்ட்ரோக் ஒயில் கலந்த ஒரு லீற்றர் புதிய பெற்றோல். இந்தக் கலவையைத்தான் எண்ணெய் என்கிறேன். விற்பவரின் தொட்டியில் கிடக்கிற எண்ணெய் எப்போது கலந்தது, என்ன அளவில் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. கோளாறு தெரிந்தால் "எண்ணெய் பழசு" என்று அவர் சொல்லித் தப்பவும் இடம் வைக்கக் கூடாது.

சாரமும் செருப்புமாகப் போகாதீர்கள். மரத்தில் வெட்டிப் பார்க்க வேண்டி வரும். நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் கண்ணாடியும் குறைந்தபட்சம்.

6. போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் சொன்ன கையோடு செய்ய வேண்டியது இது. சைலன்சர் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ அதை ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிற வாள் சூட்டில் ஓர் இழுவையில் கிளம்பலாம். அதைப் போலவே சூட்டில் செத்துப்போகிற வாள் குளிரில் நன்றாக ஓடலாம். இரண்டையும் பார்ப்பதற்கு நீங்கள் குளிரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சூடாக இருந்தால் கோபப்படாதீர்கள். தேநீர் குடித்துக்கொண்டே பேப்பரைப் பாருங்கள், ஒரு மணி நேரம் போகட்டும்.

7. வெளிப்பக்கம்: கழுவிய வாளைவிட அழுக்கு வாள் மேல்

பளபளவென்று கழுவித் துடைத்த வாளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். ஒயில் எங்கே கசிந்தது என்பதை அழுக்கு காட்டிக்கொடுக்கும். கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஆணித் தலைகளைப் பாருங்கள். தேய்ந்து உருண்டிருந்தால் கைப்பழக்கம் இல்லாத ஒருவர் பல தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறார். எஞ்சின் உடலில் வெடிப்பு, பசை பூசி அடைத்த அடையாளம், மரம் விழுந்து நசுங்கிய கைப்பிடி ஆகியவற்றைத் தேடுங்கள். கைப்பிடியைப் பிடித்து எஞ்சினை ஆட்டிப் பாருங்கள். அதிர்வு தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் இரண்டும் தனித்தனியாக ஆடும். அது விலையில் சின்னப் பாகம்தான். ஆனால் அதோடு மாதக்கணக்கில் வேலை செய்தால் விரல் மரத்துப் போகும்.

முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புத் தகடுதான் செயின் பிரேக். முன்னே தள்ளினால் ‘டக்’ என்று விழ வேண்டும், பின்னே இழுத்தால் விடுபட வேண்டும். பார் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் உங்களைக் காப்பாற்றுவது இந்தத் தகடு. பழைய 070களில் பல இது இல்லாமலேயே செய்யப்பட்டவை. சும்மா தந்தாலும் அப்படி ஒன்றை நான் வாங்க மாட்டேன். பலகை அரிகிற சில மூத்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

8. பார், செயின், ஸ்புரொக்கெட்

இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், எல்லாமே தேய்ந்து மாற்றுகிற பாகங்கள். பாரின் இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். செயினைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதிகம் சாயக் கூடாது. கிளச் பக்க மூடியைத் திறந்து ஸ்புரொக்கெட்டில் செயின் பதித்த பள்ளத்தைப் பாருங்கள்; அரை மில்லிமீற்றரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். கண்டதைக் கடைக் கடதாசியில் குறித்துக்கொண்டு நகருங்கள்.

பாரின் ஒயில் துவாரத்தை மட்டும் விரலால் துடைத்துப் பாருங்கள். கரிக் கறுப்பாக வந்தால் வாகனத்திலிருந்து இறக்கிய கழிவு ஒயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். அதிலுள்ள இரும்புத் தூள் பம்பை அரித்திருக்கும்.

9. சைலன்சரைக் கழற்றுங்கள்: முடிவு இங்கேதான்

மற்ற எல்லாப் படிகளையும் மறந்துவிட்டாலும் இதை மறக்க வேண்டாம். விற்பவர்கள் இந்த இடத்தில்தான் முகம் சுளிப்பார்கள். கிரான் பக்கம் ஒரு மாமரத்தடியில் நடந்த பேச்சு இது.

"அண்ணன், சைலன்சரைக் கழற்றிப் பார்க்கலாமா?"

"நேற்றும் இதில்தான் வாகை வெட்டினேன், தம்பி. கழற்றி என்ன பார்க்கப் போகிறீர்?"

"பிஸ்டனை ஒருக்கால் பார்த்துவிட்டு நானே பூட்டித் தருகிறேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தானே சாவியை எடுத்து வந்து கழற்றினார். அப்படிப்பட்டவரிடம் வாங்கலாம். அந்த வாள் என் மைத்துனரிடம் இன்னும் ஓடுகிறது. கழற்றவே விடமாட்டேன் என்பவரிடம் மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

இனி பார்க்கும் முறை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், கயிறு இலேசாகும். பிளக் முனை மண்ணிறமாக இருப்பது நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் எண்ணெய் குறைந்து காற்று அதிகமாகி ஓடியிருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் ஒயில் கூடுதல், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது.

பிறகு சைலன்சர் இருந்த துவாரத்துக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போவது தெரியும். நல்ல பிஸ்டனின் பக்கத்தில், தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் இருக்கும். கெட்டதில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடும், பூனை பிறாண்டிய கதவு மாதிரி. அலுமினியம் இழுபட்டு மங்கலாகப் பூசியது போலவும் தெரியலாம்.

சைலன்சர் பக்கம்தான் அதிகம் சூடாகிற பக்கம். ஆகவே அந்தப் பக்கக் கீறல் பெரும்பாலும் ஒயில் கலக்காத பெற்றோலால், அல்லது காற்றுக் கசிவால் வந்தது. இப்போது பிஸ்டனை அடிக்கு இறக்கி எதிர்ச் சுவரைப் பாருங்கள். அது காபரேட்டர் பக்கம். அங்கே கீறல் இருந்தால் மண்ணும் தூசும் உள்ளே போயிருக்கிறது. கடற்கரை மணலிலும் செங்கல் சூளைகளுக்கு அருகிலும் கிழிந்த வடிகட்டியோடு ஓடிய வாள்களில் இதைக் கண்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதில் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே கதியை அடையும்.

ரிங்கையும் சோதியுங்கள். துவாரத்தில் ரிங் தெரியும்படி பிஸ்டனை நிறுத்தி, முனை மழுக்கிய வேப்பங்குச்சியால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப வெளியே வர வேண்டும். கரி பிடித்து ஒட்டியிருந்தால் அசையாது. இதற்கு ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்தினால் சோதிக்கப் போன நீங்களே கீறல் போட்டுவிடுவீர்கள்.

நான் ஏமாந்தது இந்தப் படியைத் தாண்டியதால்தான். மாலை நேரம், மழை வரப் பார்த்தது, வாளும் முதல் இழுவையிலேயே பிடித்தது. வாங்கி வந்து நான்காம் நாள், ஒரு புளியங்குற்றியின் நடுவில் இறுகி நின்றது. கழற்றினால் பிஸ்டன் முழுக்கக் கீறல். முந்திய வாரம்தான் யாரோ அரத்தாளால் தேய்த்துப் புது ரிங் போட்டு விற்றிருக்கிறார்கள்.

10. அமுக்கமும் பெயரிங்கும்

பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். அமுக்கம் குறைக்கும் பொத்தான் இருந்தால் அது அழுந்தாத நிலையில் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து வாளைத் தூக்குங்கள். நல்ல எஞ்சின் தன் பாரத்தில் விட்டு விட்டுப் படிப்படியாக இறங்கும். தடையில்லாமல் சரசரவென்று இறங்கினால் சிலிண்டருக்குள் அமுக்கம் போய்விட்டது. 10 கிலோ பாரம், காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அமுக்கமானி வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் சந்தோஷம். 120க்குக் கீழே போனால் பிஸ்டன் வேலை வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிளச்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி மறுபக்கப் பறக்கும் சக்கரத்தையும் அப்படியே அசையுங்கள். மேல் கீழாக ஓர் அசைவும் இருக்கக் கூடாது. இருந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். கூலியும் பாகமும் சேர்ந்து வாளின் விலையைத் தின்றுவிடும்.

11. அசலா, நகலா?

எம்.எஸ். 660, 070 இரண்டுக்கும் அச்சு அசலான நகல்கள் உலகம் முழுதும் ஓடுகின்றன. மேலே ஒட்டிய பெயரையும் நிறத்தையும் நம்ப வேண்டாம். எஞ்சின் உடலின் உலோகத்திலேயே இலக்கம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். இலக்கமே இல்லை, அல்லது அரத்தால் தேய்த்த தடம் இருக்கிறது என்றால், ஒன்று நகல், இல்லாவிட்டால் களவு.

நகல் என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் சில நாள் வேலைக்கு நகலும் உழைக்கும், பாகமும் மலிவு. ஆனால் அதை நகல் விலைக்கு வாங்க வேண்டும். அசல் உடலில் நகல் சிலிண்டர் ஏற்றிய கலப்பு வாள்களும் உண்டு. "கடைசியாகப் பிஸ்டன் மாற்றியபோது என்ன போட்டீர்கள்?" என்று சும்மா கேட்டு வையுங்கள். பலர் உண்மையையே சொல்கிறார்கள்.

12. இப்போது ஸ்டார்ட் செய்யலாம்

சைலன்சரைப் பூட்டி, பழைய எண்ணெயைக் கொட்டி, உங்கள் எண்ணெயை ஊற்றுங்கள். கயிற்றை நீங்கள் இழுங்கள், விற்பவரை இழுக்க விடாதீர்கள். அவருக்கு அந்த வாளின் குணம் தெரியும், அதற்கேற்ப நெளிந்து கொடுப்பார். குளிர்ந்த வாள் ஆறேழு இழுவைக்குள் பிடித்தால் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது செயின் சுற்றக் கூடாது. பிறகு வாளை இடப்பக்கம், வலப்பக்கம், மூக்குக் கீழாகச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது சத்தம் தானாக ஏறினாலும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகு உடனே இறங்காமல் தொங்கினாலும் எங்கோ காற்றுக் கசிகிறது. ஒன்பதாம் படியில் சொன்ன கீறலுக்குத் தாய் இந்தக் கசிவுதான்.

முழு ஆக்சிலேட்டரில் பாரமில்லாமல் ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக இருக்க வேண்டும். ஊசி போலக் கூர்மையாக அலறினால் பலமாகத் தோன்றுவதற்காகக் காபரேட்டர் ஆணியை இறுக்கியிருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும், எஞ்சின் உள்ளே வேகும்.

பார் நுனியை வெள்ளை அட்டைக்கு மேல் பிடித்து அரை வேகத்தில் ஓட்டினால் சில நொடிகளில் ஒயில் கோடு விழ வேண்டும். செயின் ஓடும்போது இடக்கையின் மணிக்கட்டால் பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். செயின் அந்த நொடியிலேயே நிற்க வேண்டும்.

13. மரத்தில் வைத்து வெட்டுங்கள்

பாரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தடிப்புள்ள வேம்போ புளியோ கேளுங்கள். தென்னங்குற்றியில் சோதிப்பது வீண். வெளி ஓடு மட்டும் கடினம், உள்ளே பஞ்சு. பாரத்தில் போட்டதும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர். மாவாகக் கொட்டினால் மொட்டை. வெட்டு ஒரு பக்கம் வளைந்து போனால் செயினையோ பாரையோ குறை சொல்லுங்கள், எஞ்சினை அல்ல.

பத்து நிமிடம் வெட்டியபின் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி இழுங்கள். குளிரில் நன்றாகப் பிடித்த வாள் சூட்டில் பிடிக்க மறுத்தால், அமுக்கமோ பற்றவைக்கும் கொயிலோ சூட்டில் சோர்ந்துபோகிறது. வயலின் நடுவில் வந்தால் நாளையே கெடுக்கிற குறை இது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் நிறுத்தித் திருப்திப்படுகிறவர்கள் இதைக் காண்பதே இல்லை.

14. விலை பேசுவது

இதுவரை விலையைப் பற்றி வாயே திறந்திருக்கக் கூடாது. இப்போது கடைக் கடதாசியை எடுத்து, மாற்ற வேண்டியவற்றை அவர் முன்னாலேயே கூட்டுங்கள். "ஸ்புரொக்கெட் இவ்வளவு, பார் இவ்வளவு, ரப்பர் இவ்வளவு. இவ்வளவையும் கழித்துத் தாருங்கள், அண்ணன்" என்றால் அதில் சண்டைக்கு இடமில்லை. வாளைக் குறை சொல்லி விலை குறைப்பது வேறு, கணக்கைக் காட்டிக் கேட்பது வேறு. எங்கள் ஊரில் இரண்டாவதுதான் எடுபடும்.

கழித்தும் பேசக் கூடாத குறைகள் உண்டு: வெடித்த எஞ்சின் உடல், ஆடுகிற பெயரிங், தேய்த்து அழித்த இலக்கம், வேலை செய்யாத பிரேக். கீறிய பிஸ்டனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. சிலிண்டர் சுவர் நன்றாக இருந்து, பாகம் கடையில் கிடைத்து, மெக்கானிக் உங்கள் சொந்தக்காரனாக இருந்தால், ஓடாத வாளின் விலைக்கு வாங்கலாம்.

மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வாங்கப் போகாதீர்கள். காற்றடித்து மரம் விழும் காலம் அது, விற்பவர் இறங்கி வர மாட்டார். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு அதே வாளுக்கு அவரே உங்களைத் தேடி அழைப்பு எடுப்பார்.

காசு கொடுக்கும்போது விற்பனைக் கடிதம் எழுதுங்கள். மாடல், இலக்கம், இரண்டு பேரின் அடையாள அட்டை இலக்கம், திகதி, இரண்டு சாட்சி. பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைக்க முடிந்தால் நல்லது.

15. முதல் கிழமை

உடனே வேலைக்கு இறக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழுவி, உள்ளே கிடக்கும் எண்ணெய் வடிகட்டியையும் ரப்பர்க் குழாயையும் மாற்றுங்கள். வெயிலில் வெடித்த குழாயும் காற்றை இழுக்கும். பிளக், காற்று வடிகட்டி, காபரேட்டர் ரப்பர்த் தகடு ஆகியவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

எண்ணெய் கலப்பதில் குத்துமதிப்பு வேண்டாம். ஸ்டில் தன் சொந்த டூ-ஸ்ட்ரோக் ஒயிலுக்கு 50க்கு 1 என்கிறது, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். மற்ற டூ-ஸ்ட்ரோக் ஒயில்களுக்கு 25க்கு 1, லீற்றருக்கு 40. சோடாப் போத்தல் மூடியால் அளக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். மருந்துக் கடையில் கிடைக்கிற பெரிய ஊசிக் குழாய் ஒன்று அந்த வேலையைச் சரியாகச் செய்யும்.

பலகை அரிவதற்குத்தான் வாங்கினீர்கள் என்றால் அதற்கென ஒரு செயினை ஒதுக்கி, பற்களை 10 பாகை அளவில் தீட்டி வையுங்கள். குறுக்காக வெட்டும் செயினின் 30 பாகைப் பல்லோடு நீளமாக அரிந்தால் பலகை அலை அலையாக வரும், எஞ்சினும் திணறும்.

வேலை முடிந்ததும் தொட்டியில் எண்ணெயை விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கொட்டிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சாவிப் பெட்டிக்குள் வையுங்கள். வாளை யாராவது இரவல் கேட்டால் வாளோடு நீங்களும் போங்கள்.